ஆய்வு மாணவரின் உதவித்தொகையும் வீட்டுக் கடனும்: கையெழுத்திடும் முன் ஒரு பாடம்



நம் பிள்ளைகள் பலர் இன்று முனைவர் பட்ட ஆய்வு வரை படிக்கிறார்கள். மாதம் நாற்பதாயிரம் அளவில் உதவித்தொகை வருகிறது என்றதும், "வாடகைக்குக் கொடுப்பதைத் தவணையாகக் கட்டினால் சொந்த வீடாகுமே" என்ற பேச்சு வீட்டில் எழுகிறது. நல்ல ஆசைதான். ஆனால் கணக்கையும் மார்க்கத்தையும் ஒருசேரப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

1. உதவித்தொகையை வங்கி எப்படிப் பார்க்கிறது?

யுஜிசி நெட் தேர்வில் ஜேஆர்எஃப் பெற்றவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் எஸ்ஆர்எஃப் ஆக உயர்ந்தால் 42,000 ரூபாய். விடுதியில் தங்காதவருக்கு வீட்டு வாடகைப்படி தனி. மொத்தம் ஐந்து ஆண்டுகள் மட்டுமே.

வீட்டுக் கடனோ 15, 20 ஆண்டுகளுக்கு. மூன்று ஆண்டுகளில் நின்றுவிடும் வருமானத்தை நம்பி இருபது ஆண்டுக் கடன் தர வங்கி தயங்குவது இயல்பே. தொகை மாதந்தோறும் தேதி தவறாமல் வருவதில்லை என்பதும் ஆய்வு மாணவர் எல்லோரும் அறிந்தது. சிறுபான்மை மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகை நிறுத்தப்படுவதாக 2022 டிசம்பரில் அறிவிக்கப்பட்டதையும் நாம் பார்த்தோம். தவணைத் தேதி மட்டும் யாருக்காகவும் காத்திருக்காது.

2. ஒரு கணக்கு

வீட்டின் விலை 30 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சம் வரையிலான கடனில் வீட்டு மதிப்பில் அதிகபட்சம் 90 விழுக்காடு வரை தரலாம். அதாவது 27 லட்சம். மீதி 3 லட்சம் நம் கையிலிருந்து. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 விழுக்காடு. அது 2 லட்சத்து 70 ஆயிரம். முதலிலேயே 5 லட்சத்து 70 ஆயிரம் ரொக்கம் வேண்டும்.

27 லட்சத்துக்கு 8.5 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுத் தவணை மாதம் சுமார் 23,430 ரூபாய். 42,000 ரூபாயில் இது பாதிக்கும் மேல். 20 ஆண்டுகளில் கட்டுவது சுமார் 56 லட்சம். அதில் 29 லட்சத்துக்கும் மேல் வட்டி மட்டுமே.

3. "வாப்பா கையெழுத்துப் போடட்டும்"

உதவித்தொகை போதாது என்றால், சம்பளம் வாங்கும் தந்தையையோ துணைவரையோ இணைக் கடனாளியாகச் சேர்க்கச் சொல்வார்கள். இணைக் கடனாளி சாட்சி அல்ல. முழுக் கடனுக்கும் பொறுப்பாளி. ஜாமீன் போடுபவரின் பொறுப்பும் கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம் என்கிறது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். தவணை 90 நாள் தாண்டி நிலுவையானால் கணக்கு வாராக்கடன் ஆகும். அதன்பின் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, வீட்டை வங்கி கையகப்படுத்தலாம். ஓய்வை நெருங்கும் தந்தையின் பணிக்கொடையும், தங்கையின் திருமணச் சேமிப்பும் இதில் கரைந்துவிடக் கூடாது.

4. வட்டியின் கேள்வி

அல்பகரா அத்தியாயத்தின் 275ஆம் வசனம் முதல் வட்டியைப் பற்றிய எச்சரிக்கை வருவதை நாம் அறிவோம். இந்தியாவில் வட்டியில்லா வங்கிமுறைக்கான யோசனையைத் தொடர்வதில்லை என 2017இல் ரிசர்வ் வங்கி முடிவெடுத்தது. எனவே நம் ஊர் வங்கியில் கிடைப்பது வட்டிக் கடன்தான். "எல்லோரும் வாங்குகிறார்கள்" என்பது ஆதாரம் ஆகாது. உங்கள் நிலை உண்மையில் நிர்ப்பந்தமா என்பதை, நம்பிக்கையான ஆலிமிடம் முழு விவரத்தையும் சொல்லிக் கேளுங்கள். வாடகைக்கு இருக்க வசதியிருக்கும் ஆய்வு மாணவருக்கு அவசரம் என்ன என்று அவர் கேட்டால், அது நியாயமான கேள்வி.

வட்டி வேண்டாம் என்று ஒத்திக்குப் போகிறவர்களும் கவனிக்க வேண்டும். மொத்தப் பணம் கொடுத்து வாடகையின்றிக் குடியிருப்பது கடனுக்குப் பெறும் ஆதாயம் என்று உலமாக்கள் பலர் தடுக்கிறார்கள்.

5. என்ன செய்யலாம்?

* சேமிப்பு: எஸ்ஆர்எஃப் காலத்தின் 36 மாதங்களில் மாதம் 12,000 ஒதுக்கினால் 4 லட்சத்து 32 ஆயிரம் சேரும். ஒரு சிறு மனைக்கு இது நல்ல தொடக்கம்.
* அழகிய கடன்: உறவினர் வட்டியின்றிக் கொடுத்தால் தொகை, தவணை, தேதி அனைத்தையும் எழுதிச் சாட்சி வையுங்கள். அல்பகரா 282ஆம் வசனம் காட்டும் வழி அதுவே. உறவு முறியாமல் காப்பதும் அந்தத் தாள்தான்.
* விற்பவரிடமே தவணை: விலையை முதலிலேயே முடிவு செய்து, தாமதத்துக்குக் கூடுதல் தொகை இல்லை என்று எழுதி, ஒப்பந்தத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். கையெழுத்துக்கு முன் வில்லங்கச் சான்றும் மூலப்பத்திரமும் பார்த்துவிடுங்கள்.
* காத்திருப்பு: உதவிப் பேராசிரியர் பணியின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். படிகள் தனி. அன்று நிலை வேறு. அதுவரை புதுக் கைப்பேசி, பைக் என்று சிறு தவணைகளில் சிக்காமல் இருப்பதே பெரிய சேமிப்பு.

வீட்டில் கலந்து பேச:

1. உதவித்தொகை ஆறு மாதம் தாமதமானால் தவணையை யார் கட்டுவது?
2. ஆய்வு முடிந்து ஓராண்டு வேலை கிடைக்கவில்லை என்றால்?
3. கையெழுத்திடும் பெரியவருக்கு முழுக் கணக்கும் சொல்லப்பட்டதா?

இம்மூன்றுக்கும் வீட்டார் எல்லோர் முன்னிலையிலும் விடை கிடைக்கும் வரை பேனாவைத் திறக்காதீர்கள். ஹலாலான சொந்த வீட்டை அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு எளிதாக்கித் தருவானாக, ஆமீன்.