மோரியா மலையில் ஈசாக்கு

கேள்வி: ஆபிரகாம் தம் மகனைப் பலியிடத் துணிந்த கதைக்குக் கிறிஸ்தவ போதனையில் இத்தனை முக்கியத்துவம் ஏன்?

பதில்: ஆதியாகமம் 22ஆம் அதிகாரத்தில், தன்னை எரிப்பதற்கான விறகைத் தானே சுமந்து மலையேறும் ஈசாக்கு, பலிக்குரிய ஆட்டுக்குட்டி எங்கே எனத் தகப்பனிடம் கேட்பதும், கத்தியை எடுத்த கை தேவதூதனால் தடுக்கப்பட்டு, புதரில் கொம்பு சிக்கிய கடா அவனுக்குப் பதிலாகப் பலியாவதும், சிலுவை சுமந்த இயேசுவின் முன்னடையாளமாக, அதாவது பின்னர் நிறைவேறவிருப்பதை முன்கூட்டியே காட்டும் நிகழ்வாக, 2ஆம் நூற்றாண்டிலிருந்தே திருச்சபையில் விளக்கப்பட்டு வருகின்றன. எபிரெயர் நிருபமோ, இறந்தவனையும் எழுப்பக் கடவுள் வல்லவர் என்ற ஆபிரகாமின் விசுவாசத்தையே முன்னிறுத்துகிறது. எனினும், மகனின் அந்தக் கேள்வியிலுள்ள தவிப்பை எந்த விளக்கமும் மழுங்கடித்துவிடலாகாது.