மரபணு சொல்லாததைப் புரதம் சொல்லும்

அன்புள்ள கயல்விழிக்கு,

மரபணுவைப் பார்த்தாலே நோய் வருமா என்று தெரிந்துவிடும்போது புரதத்தை ஏன் அளக்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். ஹன்டிங்டன் நோயை வைத்தே பதில் சொல்கிறேன்.

கை கால்கள் தன்வசமின்றி ஆடும், குணம் மாறும், சிந்தனை தடுமாறும். பெரும்பாலும் 30 வயதுக்கும் 50 வயதுக்கும் இடையில் தலைகாட்டும் மூளை நோய் இது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அமெரிக்க ஆய்வாளர் நான்சி வெக்ஸ்லரின் தாய் இந்த நோயால்தான் இறந்தார். வெனிசுவேலாவின் மரகாய்போ ஏரிக்கரை ஊர்களில் இந்நோய் தலைமுறைகளாக இருந்துவந்தது. வெக்ஸ்லரின் குழு ஆண்டுதோறும் அங்கே போய் வம்சாவளியை எழுதி, ரத்தம் சேகரித்தது. அந்த ஆய்வின் துணையோடு 1983இல் நோய்க்கான இடம் 4ஆம் குரோமோசோமில் இருப்பது தெரிந்தது; 1993இல் மரபணுவே பிடிபட்டது. அந்த ஏழைக் குடும்பங்களுக்கு அறிவியல் பட்ட கடன் இன்னும் தீரவில்லை என்பேன்.

அந்த மரபணுவில் சிஏஜி என்ற மூன்றெழுத்து அடுத்தடுத்துத் திரும்ப வரும். 40 முறையோ அதற்கு மேலோ வந்தால், இயல்பான ஆயுள் உள்ளவருக்கு நோய் வந்தே தீரும். ஆனால் 20 வயதில் சோதித்தாலும் 50 வயதில் சோதித்தாலும் ரத்தம் தரும் விடை ஏறக்குறைய ஒன்றுதான். மூளையில் சேதம் தொடங்கிவிட்டதா, எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதை அது சொல்லாது.

அதற்குத்தான் புரதம். நரம்பிழைகளுக்குள் பந்தல்கால் போல நின்று தாங்கும் நியூரோஃபிலமென்ட் என்ற புரதம், இழை சிதையும்போது முதலில் மூளைத் தண்டுவட நீரிலும், பிறகு ரத்தத்திலும் கசியும். ரத்தத்தில் அதை ஒரு கிராமின் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற கணக்கில் அளக்க வேண்டும். இன்றைய கருவிகளால் அது முடிகிறது. ஹன்டிங்டன் மரபணு உள்ளவர்களிடம் அறிகுறி தோன்றப் பல ஆண்டுகளுக்கு முன்பே இதன் அளவு ஏறிவிடுகிறது. ஆனால் பக்கவாதம், தலைக்காயம், வேறு நரம்பு நோய்கள் வந்தாலும் இது ஏறும். சிதைவு நடக்கிறது என்றுதான் இந்த எண் சொல்லும். காரணத்தை மரபணுவிடம் கேட்க வேண்டும்.

இன்னொன்றையும் மறக்காதே. டோமினெர்சன் என்ற மருந்து, தண்டுவட நீரில் நோய்க்குக் காரணமான ஹன்டிங்டின் புரதத்தைக் குறைத்துக் காட்டியது. எல்லோரும் நம்பினார்கள். 2021 மார்ச்சில் பெரிய சோதனையில் மருந்து கொடுப்பதை நிறுத்தினார்கள். அடிக்கடி மருந்து பெற்றவர்கள், மருந்தில்லாத ஊசி பெற்றவர்களைவிட மோசமாகியிருந்தார்கள். அளவு குறைந்தது, நோயாளி தேறவில்லை. எந்தப் புரத அளவையும் நோயாளியின் நடையோடும் பேச்சோடும் ஒப்பிட்டுப் பார்க்காமல் நம்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

நீ மரபியல் படிக்க விரும்புவதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. புள்ளியியலையும் கூடவே படி; வாய்ப்புக் கிடைத்தால் நரம்பியல் வார்டில் நோயாளிகளோடு உட்கார்ந்து பேசு.

அன்புடன்,
மாமா