எலுமிச்சையும் பாலும் சேருமா?

சித்திரை வெயிலில் திருநின்றவூர் ஸ்டேஷனில் மின்சார ரயிலை விட்டு இறங்கி சி.டி.எச். சாலைக்கு வருவதற்குள் நாக்கு வறண்டுவிடும். தர்பூசணிக் குவியல், கரும்புச்சாறு மிஷின், நன்னாரி சர்பத் வண்டி எல்லாம் நமக்குப் பழக்கமானவை. இப்போது வீடுகளுக்குள் இன்னொன்றும் நுழைந்திருக்கிறது. பழக்கூழ், எலுமிச்சைச் சாறு, கன்டென்ஸ்டு மில்க் மூன்றையும் மிக்ஸியில் அடித்து, நுரை ததும்ப டம்ளரில் ஊற்றுகிறார்கள். பிரேசில் நாட்டில் இது சாதாரண வீட்டுப் பானம். அங்கே பச்சை எலுமிச்சையைத் தோலோடு அரைத்து கன்டென்ஸ்டு மில்க் சேர்ப்பார்கள். பிள்ளைகள் செல்போனில் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள், பெரியவர்கள் வேண்டாம் என்கிறார்கள். பெரியவர்கள் சொல்லும் காரணங்களில் சில சரி, சில தவறு. பிரித்துப் பார்த்துவிடுவோம்.

“பாலில் எலுமிச்சை பட்டால் திரிந்துதான் போகும்”

சாதாரணப் பாலுக்கு இது உண்மை. பாலில் இருக்கும் கேசின் என்ற புரதம், புளிப்பு ஏறி அமிலநிலை (pH, எண் குறைந்தால் புளிப்பு அதிகம்) 4.6 அளவுக்கு வரும்போது ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். எலுமிச்சைச் சாற்றின் அமிலநிலை 2-க்குச் சற்று மேல். அதனால்தான் சுடுபாலில் ஒரு மூடி பிழிந்ததும் பனீர் திரண்டு, பச்சைத் தண்ணீர் தனியாக நிற்கிறது.

அந்தத் திரட்சிக்குச் சூடும் வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஃபிரிட்ஜில் நன்றாகக் குளிர்ந்த பால் அதே புளிப்பில் சட்டென்று திரளாது. வெளியே வைத்துச் சூடேறும்போதுதான் கட்டி கட்டியாகும். கன்டென்ஸ்டு மில்க்கின் சங்கதி வேறு. தண்ணீர் பெரும்பகுதி வற்றி, சர்க்கரை பாதிக்கு மேல் இருக்கும் பாகு அது. அதில் எலுமிச்சை பட்டால் புரதம் துண்டு துண்டாக உடையாமல், மொத்தமாகக் கெட்டிப்பட்டு மழமழவென்று ஆகிவிடும். ஒரு கிண்ணத்தில் இரண்டு ஸ்பூன் எடுத்து அரை மூடி பிழிந்து கிளறிப் பாருங்கள். கரண்டியிலிருந்து ஒழுகிக்கொண்டிருந்தது, கண்ணெதிரே கெட்டியாகிக் கரண்டியிலேயே நிற்கும்.

நான்கு டம்ளருக்கு இப்படிச் செய்யலாம். ஒரு கப் பழக்கூழ், ஆறு மேசைக்கரண்டி கன்டென்ஸ்டு மில்க், நடுத்தர எலுமிச்சை இரண்டின் சாறு, ஒரு சிட்டிகை உப்பு, ஃபிரிட்ஜ் தண்ணீர் இரண்டு கப். முதலில் பழத்தையும் தண்ணீரையும் அடித்துக்கொள்ளுங்கள். பிறகு கன்டென்ஸ்டு மில்க். கடைசியில் எலுமிச்சைச் சாறு. அதை ஊற்றிய பிறகு ஒரே ஒரு சுற்று போதும். போட்டவுடன் குடித்துவிட வேண்டும், ராத்திரிக்கு என்று எடுத்துவைக்கக் கூடாது.

டின் வாங்க மனமில்லாதவர்களுக்கு அதைவிட நல்ல வழி உண்டு, என் ஓட்டும் அதற்குத்தான். தயிர். தயிர் ஏற்கெனவே புளிப்பில் உறைந்துவிட்ட பால். எலுமிச்சை வந்து அதில் புதிதாகத் திரிய வைக்க ஒன்றுமில்லை. காக்களூர் ஆவின் பண்ணையிலிருந்து வந்தாலும் சரி, பக்கத்துத் தெருக் கறவைக்காரரிடம் வாங்கினாலும் சரி, கொழுப்பு கூடுதலான பாலில் உறைய வைத்த தயிர் நல்லது. ஆவினில் என்றால் 6 சதவீதக் கொழுப்புள்ள ஆரஞ்சு பாக்கெட். புளிக்காத கெட்டித் தயிர் ஒரு கப், ஒரு பங்கனப்பள்ளி மாம்பழத்தின் சதை, ஒரு எலுமிச்சையின் சாறு, ருசிக்குச் சர்க்கரை, குளிர்ந்த தண்ணீர் இரண்டு கப். கிரீம் போலவே வரும். இனிப்பு எவ்வளவு என்பதும் உங்கள் கையில் இருக்கும். தேங்காய்ப்பாலிலும் செய்யலாம், ஆனால் அது சற்று நேரத்தில் மேலும் கீழுமாகப் பிரிந்து நிற்கும். கலக்கிவிட்டுக் குடித்தால் குறையில்லை.

“பாலும் புளிப்பும் வயிற்றுக்குள் சேர்ந்தால் விஷம், தோலில் வெள்ளை விழும்”

வயிற்றில் சுரக்கும் அமிலம் எலுமிச்சைக்குக் குறைந்ததல்ல. வெறும் பாலைக் குடித்தாலும் அது வயிற்றில் போய்த் திரியத்தான் செய்கிறது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தை கக்கும்போது தயிர்போல வருவது அதனால்தான். வெண்புள்ளி என்று நாம் சொல்லும் விட்டிலைகோ, உடலின் எதிர்ப்புச் சக்தியே தோலின் நிறமிச் செல்களைத் தாக்குவதால் வருவது. எந்த உணவுச் சேர்க்கையும் அதற்குக் காரணமில்லை. இந்த நம்பிக்கையை நான் அழுத்தமாக மறுப்பதற்குக் காரணம் உண்டு. வெண்புள்ளி வந்த பெண்ணிடம் “என்னத்தைத் தின்றாய்” என்று கேட்டுக் கேட்டே அவளைக் குற்றவாளியாக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. பால் குடித்தால் வயிறு உப்பும், பேதியாகும் என்பவர்களுக்கு இருப்பது லாக்டோஸ் செரியாமை. அவர்களுக்கு எலுமிச்சை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தொல்லைதான்.

“அன்னாசி போட்டதும் கசந்தது, பால் கெட்டுப்போயிருக்கும்”

பால் கெடவில்லை. பச்சை அன்னாசியில் புரோமலின் என்ற நொதி இருக்கிறது. அது பால் புரதத்தை வெட்டி வெட்டிக் கசப்பான துணுக்குகளாக்கிவிடும். அன்னாசித் துண்டுகளைச் சிறிது தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்தால் நொதி செயலிழந்துவிடும், கசப்பு வராது. பப்பாளிக்காயிலும் இதே குணம் உண்டு. மாம்பழம், சப்போட்டா, வாழைப்பழத்துக்கு இந்தக் கவலை இல்லை.

எலுமிச்சையைத் தோலோடு அரைத்தால் சத்து கூடும் என்றும் சொல்கிறார்கள். மணம் கூடும் என்பதே சரி, ஏனென்றால் வாசனை எண்ணெய் மேல்தோலில் இருக்கிறது. உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதியிலும் விதையிலும் கசப்பு ஒளிந்திருக்கிறது. அரைத்தவுடன் தெரியாது, புளிப்புச் சாற்றில் ஊற ஊறத்தான் லிமோனின் என்ற கசப்புப் பொருள் உருவாகும். விதையை எடுத்துவிட்டு, சில நொடி மட்டும் ஓட்டி, உடனே வடிகட்டினால் தப்பிக்கலாம்.

“தர்பூசணியில் சாயம் ஊசி போடுகிறார்கள்”

பழக்கூழுக்குத் தர்பூசணி எடுக்கலாம் என்றால் இந்தப் பயம் குறுக்கே வரும். 2025 கோடையின் தொடக்கத்தில் இந்தப் பேச்சு தமிழ்நாடு முழுக்கப் பரவியது. வியாபாரம் படுத்தது. திண்டிவனம், மரக்காணம் பக்கத்து விவசாயிகள் விலை கிடைக்காமல் தவித்தார்கள். ஊசியில் ஏற்றிய சாயம் அத்தனை பெரிய பழத்துக்குள் சீராகப் பரவாது. குத்திய துளை வழியாகக் கிருமி புகுந்து பழம் சீக்கிரம் அழுகிவிடும். வியாபாரிக்கு அதில் லாபமே இல்லை. பழத்தின் சிவப்பு லைகோபீன் என்ற இயற்கை நிறமி. பஞ்சை வைத்துத் துடைத்தால் லேசாக நிறம் ஒட்டுவதாலேயே அது சாயம் ஆகிவிடாது. முழுப் பழமாக வாங்கி வீட்டில் நறுக்குங்கள். வெட்டி வைத்து ஈ மொய்க்கும் துண்டில்தான் ஆபத்து அதிகம்.

“ஐஸ் ஆகிவிட்டால் கிருமி செத்துவிடும்”

சாகாது. உறைநிலை கிருமிகளின் பெருக்கத்தை நிறுத்திவைக்கும், அவ்வளவுதான். டைபாய்டு கிருமியும், மஞ்சள் காமாலையைத் தரும் ஹெபடைடிஸ் ஏ வைரஸும் பனிக்கட்டிக்குள் உயிரோடு காத்திருக்கக் கூடியவை. காதுகுத்து, வளைகாப்பு என்று ஐம்பது பேருக்கு ஜூஸ் போடும்போது ஐஸ் பார் வாங்கி உடைத்துப் போடுகிறோமே, அங்கேதான் கவனம் வேண்டும். மீனையும் கறியையும் கெடாமல் வைக்கத் தயாராகும் ஐஸ் குடிநீரில் செய்யப்படாததாக இருக்கலாம். அந்த ஐஸுக்கு நீல நிறம் சேர்த்து வேறுபடுத்த வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூன் முதல் விதித்திருக்கிறது. வெள்ளையாக இருக்கிறதே என்று மட்டும் நம்பாமல், சாப்பிடுவதற்கான ஐஸா என்று கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு, கொதித்து ஆறிய தண்ணீரை ஃப்ரீசர் தட்டில் ஊற்றினாலே போதும். மற்றபடி ஐஸால் சளி பிடிக்கும் என்பதில்லை, சளி வைரஸால் வருவது. ஆஸ்துமா இருப்பவர்களுக்கு மட்டும் சில்லென்ற பானம் சில சமயம் இருமலைக் கிளப்பும்.

“பழமும் பாலும் எலுமிச்சையும் இருக்கிறது, வெயிலுக்கு இதைவிட என்ன வேண்டும்”

எல்லாவற்றிலும் நான் அதிகம் கவலைப்படுவது இதற்குத்தான். நம் மாவட்டத்தில் காக்களூர் தொழிற்பேட்டைக்கும், கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பு உருக்காலைகளுக்கும் வேலைக்குப் போகிறவர்கள் உலைச்சூட்டிலும் தகரக் கூரையடியிலும் நிற்பவர்கள். வேர்வையோடு அவர்கள் உடம்பிலிருந்து தண்ணீரும் உப்பும் போகின்றன. இந்தக் கன்டென்ஸ்டு மில்க் பானத்தில் உப்பு மிகக் குறைவு, இனிப்பும் கொழுப்பும் அதிகம். கொழுப்பு சேர்ந்தது வயிற்றைவிட்டு மெதுவாகத்தான் இறங்கும். ஒரு மேசைக்கரண்டி கன்டென்ஸ்டு மில்க்கில் ஏறத்தாழ 11 கிராம் சர்க்கரை. மேலே சொன்ன அளவைவிடக் கூட்டி, டம்ளருக்கு இரண்டு கரண்டி போட்டால் 22 கிராம். ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிள்ளைகளோடு உட்கார்ந்து ரசித்துக் குடிக்க இது அருமையான பானம். ஷிப்டுக்குப் போகிறவர் பாட்டிலில் இருக்க வேண்டியது தண்ணீர், உப்புப் போட்ட நீர்மோர், உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைச் சாறு. சூட்டில் வேலை செய்யும்போது தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர் என்று குடிப்பது நல்லது. சிறுநீரகம், இதயக் கோளாறு உள்ளவர்கள் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வாந்தி, பேதி என்றால் ஓ.ஆர்.எஸ். பொட்டலம்தான். கிடைக்காத நேரத்தில், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு இந்த அளவைத் தாண்டக் கூடாது. பழச்சாறு டப்பாக்கள் ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டு விற்பதை 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடைசெய்தது. அவற்றில் சர்க்கரை அதிகமாக இருந்தால் பேதி இன்னும் கூடும்.

வெயிலில் மயங்கி விழுந்தவர் வாயில் எலுமிச்சைச் சாற்றைப் புகட்டுவது இன்னொரு பழக்கம். நினைவில்லாதவரால் விழுங்க முடியாது. ஊற்றியது மூச்சுக்குழலுக்குள் போய்விடும். உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் அது வெப்பவாதம். நிழலுக்குத் தூக்கிப் போய், சட்டையைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். அதற்குள் இன்னொருவர் 108-க்கு போன் போடட்டும்.