எங்கள் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் இப்படித்தான்: வான் வில்லிபிராண்ட் நோய் பற்றி

பின்லாந்துக்கும் சுவீடனுக்கும் இடையே பால்டிக் கடலில் ஓலாந்து என்னும் தீவுக்கூட்டம் உள்ளது. 1924ஆம் ஆண்டில் அங்கிருந்து ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி சிகிச்சைக்காக ஹெல்சிங்கி நகருக்கு அழைத்து வரப்பட்டாள். மூன்று வயதில் அவளுடைய உதட்டில் ஏற்பட்ட காயத்திலிருந்து நாட்கணக்கில் இரத்தம் கசிந்து, உயிருக்கே ஆபத்து நேர்ந்திருந்தது. அவளுடைய சகோதரிகள் சிலர் சிறு வயதிலேயே இரத்தப்போக்கினால் இறந்திருந்தனர். அவளைப் பரிசோதித்தவர் எரிக் அடால்ஃப் வான் வில்லிபிராண்ட் என்னும் மருத்துவர்.

பரம்பரையாக வரும் இரத்தப்போக்கு என்றால் ஹீமோஃபிலியா என்பதே அக்கால மருத்துவர்களின் முதல் எண்ணம். ஆனால் ஹீமோஃபிலியா பெரும்பாலும் ஆண்களையே தாக்குவது. இங்கோ நோயுற்றவள் பெண். இறந்த குழந்தைகளும் பெண்கள். எனவே வில்லிபிராண்ட் அக்குடும்பத்தைச் சேர்ந்த 66 பேரைப் பற்றிய விவரங்களைத் திரட்டினார். அவர்களுள் 23 பேருக்கு இரத்தப்போக்குக் கோளாறு இருந்தது, பெண்களே மிகுதி. தோலில் சிறு கீறலிட்டால் இரத்தம் நிற்பதற்கு நெடுநேரம் ஆயிற்று. ஆனால் வெளியே எடுத்த இரத்தம் உரிய நேரத்திலேயே உறைந்தது. இரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கையிலும் குறைவில்லை. இது வேறொரு நோய் என்று துணிந்து, ‘பரம்பரைப் போலி ஹீமோஃபிலியா’ என்னும் பெயரில் 1926இல் சுவீடிய மொழியில் கட்டுரை வெளியிட்டார்.

அச்சிறுமி பதின்மூன்று வயது வரை வாழ்ந்தாள். தன் நான்காவது மாதவிடாயின்போது இரத்தப்போக்கு நிற்காமல் இறந்தாள்.

தட்டணுக்களின் செயலிலும் இரத்தக்குழாயின் சுவரிலும் குறை இருக்கலாம் என்று வில்லிபிராண்ட் கருதினார். 1950களில் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள், பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பகுதியை நோயாளிகளுக்குச் செலுத்தியபோது இரத்தம் விரைவில் நின்றது. ஆகவே, குறை பிளாஸ்மாவில் உள்ள ஏதோ ஒரு பொருளில் என்பது தெளிவாயிற்று. இன்று அப்புரதம் வில்லிபிராண்டின் பெயரையே தாங்கியுள்ளது. இரத்தக்குழாயில் காயம் ஏற்பட்டவுடன் அவ்விடத்தில் தட்டணுக்களை ஒட்டவைக்கும் பசை அதுவே. உறைதலுக்குத் தேவையான எட்டாம் காரணியைச் சிதையாமல் சுமந்து செல்வதும் அதுவே. அதற்குரிய மரபணு பாலினத்தைத் தீர்மானிக்கும் குரோமோசோமில் இல்லை. அதனால் மகனுக்கும் மகளுக்கும் ஒரே அளவில் நோய் வரக்கூடும். எனினும் மாதந்தோறும் இரத்தப்போக்கு உள்ளவர்கள் பெண்கள் ஆதலால், அவர்களிடம் நோய் விரைவில் வெளிப்படுகிறது.

வெளிப்படுகிறதே தவிர, நம் இல்லங்களில் அது நோயாகக் கருதப்படுவதில்லை. சிறுவனின் மூக்கில் இரத்தம் வடிந்தால் ‘உடல் சூடு’ என்பார்கள். மகளுக்கு மாதவிடாய் பத்து நாட்கள் நீடித்தால், “எங்கள் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் இப்படித்தான்” என்று பாட்டியார் ஆறுதல் கூறுவார். மருத்துவரின் செவிக்கு அது ஆறுதல் அன்று; வில்லிபிராண்ட் தேடித் திரட்டிய வம்சாவளி விவரமே அது. தயவுசெய்து அதை எங்களிடமும் கூறுங்கள்.

மாதவிடாய் ஏழு நாட்களுக்கு மேல் நீடித்தல், ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற நேர்தல், பெரிய கட்டிகள் வெளிப்படல், மாத்திரை உண்டும் இரத்தசோகை மீண்டும் மீண்டும் வருதல் ஆகியவற்றைப் பொருட்படுத்த வேண்டும். பல் பிடுங்கியபின் நெடுநேரம் இரத்தம் கசிந்ததா, பிரசவத்துக்குப் பின் அளவுக்கு மீறிப் போயிற்றா என்பதையும் நினைவுகூருங்கள். பெற்றோர் இருவரிடமிருந்தும் மரபணுக் குறை வந்து சேர்ந்தால் நோய் கடுமையாகும். மாமன் மகள், அத்தை மகன் என்று உறவுக்குள் மணம் புரியும் குடும்பங்களில் இதற்கு வாய்ப்பு அதிகம்.

வழக்கமாகச் செய்யும் தட்டணு எண்ணிக்கையும் உறைவுப் பரிசோதனைகளும் இந்நோயில் இயல்பாகவே இருக்கக்கூடும். குறிப்பிட்ட புரதத்தின் அளவையும் செயலையும் தனியே அளக்க வேண்டும். கர்ப்பம், காய்ச்சல், மன அழுத்தம் ஆகியன அவ்வளவைத் தற்காலிகமாக உயர்த்திக் காட்டும். ‘ஓ’ இரத்தப் பிரிவினருக்கு இயல்பிலேயே சற்றுக் குறைவாக இருக்கும். எனவே மருத்துவர் மறுமுறையும் இரத்தம் கேட்டால் ஐயுற வேண்டாம்.

நோய் உறுதியானால் அஞ்ச வேண்டியதில்லை. பலருக்கு நோய் மிதமானதே. மாதவிடாய் நாட்களில் டிரானெக்சாமிக் அமிலம், குழாய்ச் சுவரில் சேமிக்கப்பட்டுள்ள புரதத்தை வெளிக்கொணரும் டெஸ்மோபிரெசின், தேவையானால் அப்புரதம் அடங்கிய காரணி மருந்து எனச் சிகிச்சைகள் உள்ளன. ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் போன்ற வலி நிவாரணிகளைத் தாமாக வாங்கி உண்ணக்கூடாது. அறுவை சிகிச்சைக்கோ பல் பிடுங்குவதற்கோ நாள் குறிக்கும் முன்பே நோயின் பெயரை எழுதிய அட்டையை அந்த மருத்துவரிடம் காட்டுங்கள். உடன்பிறந்தோரையும் ஒருமுறை பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள்.