வீட்டு நாயின் பராமரிப்பும் உண்ணிக் காய்ச்சலும்

செமினி வட்டாரத்தில் தோட்டங்களாக இருந்த நிலங்கள் பல இன்று தாமான்களாகிவிட்டன. லயன் வீட்டு வாசலில் சுருண்டு கிடந்த நாய் இப்பொழுது வரிசை வீட்டின் சிமெண்டுத் தரையில் படுத்திருக்கிறது. பராமரிப்பு மட்டும் பழைய மாதிரியேதான்! நினைத்தபோது குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் கடமை முடிந்தது என்று எண்ணுவோர் நம்மில் பலர் உள்ளனர்.

நாய்க்கு அழகு செய்வது பணக்காரர் பொழுதுபோக்கு அன்று. மலேசியாவில் குளிர்காலம் என்பதே இல்லாததால் பழுப்பு நாய் உண்ணி ஆண்டு முழுவதும் பெருகுகிறது. அது பரப்பும் நோய்களுள் கொடியது எர்லிக்கியா என்னும் நுண்கிருமியால் வருவது. 1935-ஆம் ஆண்டு அல்ஜீரியாவில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட இந்நோய், வியட்நாம் போரின்போது அமெரிக்கப் படையின் நூற்றுக்கும் மேற்பட்ட நாய்களைப் பலி கொண்டது. காய்ச்சல், சோர்வு, ஈறு வெளுத்தல், மூக்கில் இரத்தம் வடிதல் ஆகியவை அதன் அறிகுறிகள். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் கால்நடை மருத்துவர் தரும் டாக்சிசைக்ளின் மருந்தால் பெரும்பாலும் குணப்படுத்திவிடலாம். நாள் கடந்தால் எலும்பு மச்சையே பாதிக்கப்படும்.

ஆகவே சீப்பைவிட விரல்களே முக்கியம். காதின் உட்புறம், கழுத்துப் பட்டையின் அடி, அக்குள், கால் விரல் இடுக்கு ஆகிய இடங்களை நாள்தோறும் தடவிப் பாருங்கள். உண்ணி தென்பட்டால் சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மெல்ல இழுக்க வேண்டும். விரலால் நசுக்குவதும் நெருப்பால் சுடுவதும் கூடாது. தோட்டப்புறத்தில் மண்ணெண்ணெயும் பழைய இஞ்சின் எண்ணெயும் பூசும் வழக்கம் உண்டு. நாய் தன் உடலை நக்கும் பிராணி என்பதை மறந்த வைத்தியம் அது! பூசியது வயிற்றுக்குள் போகும், தோலும் வெந்துவிடும்.

வயிறு புடைக்க இரத்தம் குடித்த பெண் உண்ணி நாயைவிட்டு இறங்கி, சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். எனவே நாய் படுக்கும் இடத்தையும் சுத்தம் செய்து, வெடிப்புகளை அடைக்க வேண்டும்.

குளிப்பாட்டுமுன் முடியைச் சீவிவிடுங்கள். நனைந்தால் சிக்கு இறுகிவிடும். மனிதத் தோல் நாயின் தோலைவிட அமிலத்தன்மை மிகுந்தது. அதனால் நமது ஷாம்பு அதற்கு ஒவ்வாது. இரண்டு வாரத்திற்கு ஒருமுறை குளிப்பாட்டினாலே பொதுவாகப் போதும். ஆனால் துவட்டுவதில் சோம்பல் கூடாது. காது மடலிலும் விரல் இடுக்கிலும் ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். காதுக்குள் பஞ்சுக் குச்சியைச் செலுத்த வேண்டாம்.

நகம் வெட்டுவதுதான் பலருக்கும் பயம். வெள்ளை நகத்தில் உள்ளே ஓடும் இரத்த நாளம் இளஞ்சிவப்பாகத் தெரியும். கறுப்பு நகத்தில் தெரியாது. நுனியை மட்டும் சிறிது சிறிதாக வெட்டுவதே பாதுகாப்பு. பல் துலக்க நமது பற்பசை வேண்டாம். சிலவற்றில் சைலிட்டால் என்னும் இனிப்புப் பொருள் இருக்கும், அது நாய்க்கு நஞ்சு.

உண்ணி மருந்தை நாயின் எடைக்கேற்ப மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். வீட்டில் பூனையும் இருந்தால் அதைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள். நாய்க்கான சில மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனையின் உயிருக்கே ஆபத்தானது.