ஓடும் கணினியும் ஒரு வினையெச்சமும்

இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டிலும் ஒரகடத்தில் 2010ஆம் ஆண்டிலும் பெரிய கார்த் தொழிலகங்கள் உற்பத்தியைத் தொடங்கின. அவற்றையொட்டித் திருப்பெரும்புதூர் வட்டாரத்தில் உதிரி உறுப்புகள் செய்யும் ஆலைகள் பல எழுந்தன. எந்த உறுப்பு எந்த வரிசையில் செல்லவேண்டும் என்பதை அங்கெல்லாம் கணினியே சொல்கிறது. பல கணினிகளுக்கு ஒருங்கே பணிசெய்யும் தலைமைக் கணினியைச் சர்வர் என்பர். அது நின்றால் ஆலை நிற்கும். ஆகவே, அதில் செருகியுள்ள அட்டையொன்று பழுதுற்றால், ஓட்டத்தை நிறுத்தாமலே மாற்றவேண்டியுள்ளது.

ஆலையொன்றில் பணிபுரியும் நம் பழைய மாணவர் ஒருவர் அதற்கான செய்முறைத் தாளை என்னிடம் காட்டினார். ‘பச்சை விளக்கு அணைய அட்டையைக் கழற்றுக’ என்றிருந்தது. இரவுப் பணியிலிருந்த இளைஞர், விளக்கு விட்டுவிட்டு எரியும்போதே அட்டையை உருவிவிட்டாராம். சர்வர் நின்றது, பழி அவர்மேல் விழுந்தது. அதில் பாதி இலக்கணத்தைச் சாரும் என்பேன்.

‘அணைய’ என்பது செயவென் எச்சம். நன்னூலார் அதனை நிகழ்காலத்துக்கு உரியதாக வகுத்தார். வழக்கிலோ அது முக்காலத்தும் செல்லும். அணைந்தபின் கழற்றுக, அணையும்போது கழற்றுக, அணைவதற்காகக் கழற்றுக என மூன்று பொருளும் அத்தொடருக்கு உண்டு. அவ்விளைஞர் இரண்டாவதைக் கொண்டார்.

பொறி வேண்டுவது முதற்பொருளையே. ஓட்டத்தில் அட்டை மாற்றுவதற்கான பிசிஐ விதிமுறை 1997இல் வெளிவந்தது. எல்லாக் கணினிக்கும் இது பொருந்தாது. செருகுமிடம், அட்டை, இயக்க மென்பொருள் மூன்றும் இதற்கென அமைந்திருத்தல் வேண்டும். வீட்டுக் கணினியில் முயல்வார் அட்டையை மட்டுமன்றிக் கணினியையும் இழக்கக்கூடும். முதலில் அவ்வட்டையின் பணியை வேறோர் அட்டைக்கு மாற்றவேண்டும். பின்னர்ச் செருகுமிடத்தருகே உள்ள பொத்தானை அழுத்தினால் பச்சை விளக்கு விட்டுவிட்டு எரியும். ஐந்து வினாடிக்குள் மீண்டும் அழுத்தினால் கட்டளை நீங்கும். தவறான அட்டையைத் தொட்டவர்க்கு அது நல்வாய்ப்பு. அதன்பின் மென்பொருள் அட்டையிடம் விடைபெற்று மின்சாரத்தைத் துண்டிக்கும். அதுவரை விளக்கு சிமிட்டிக்கொண்டேயிருக்கும். முற்றும் அணைந்தால்தான் அங்கே மின்சாரம் இல்லை என்று பொருள். மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் ஏதோ கோளாறு, கைவைக்கலாகாது.

கையில் ஊறும் நிலைமின்சாரம் இன்னொரு பகை. சுமார் மூவாயிரம் வோல்ட்டுக்குக் குறைந்தால் நம் உடல் அதனை உணர்வதில்லை. நுண்ணுறுப்புகள் சிலவோ நூறு வோல்ட்டுக்கும் கீழேயே கெடும். குளிரூட்டிய வறண்ட அறையில் இது மிகும். எனவே நிலத்தோடு இணைத்த மணிக்கட்டுப் பட்டையை அணிந்தே அட்டையைத் தொடவேண்டும்; பிடிப்பதும் விளிம்பில்தான். புதிய அட்டையைச் செருகித் தாழிட்டுப் பொத்தானை அழுத்தினால், பச்சை விளக்கு மீண்டும் சிமிட்டிப் பின் நிலையாக எரியும். அதற்குப் பிறகே பழைய பணியை அதற்குத் திருப்பித் தரவேண்டும்.

தாளை இவ்வாறு திருத்திக் கொடுத்தேன்: ‘பச்சை விளக்கு விட்டுவிட்டு எரியும்வரை அட்டையைத் தொடாதீர். விளக்கு முழுவதும் அணைந்தபின் கழற்றுக.’ ஒரு தொடர் இரண்டாயிற்று. தாளில் இடமில்லை என்று மாணவர் முதலில் தயங்கினார். பிறகு எழுத்தைச் சிறிதாக்கி அச்சிட்டு, சர்வரின் கதவிலேயே ஒட்டிவிட்டார்.