மின்தடைக் காலத்துக்கான வானொலிப் பெட்டி: அயோத்தியாப்பட்டணம் வட்டாரத்துக்கு ஏற்ற தேர்வு முறை

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், வலுவிழந்து உள்நாட்டுக்குள் நகர்ந்தபோது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழையைக் கொட்டியதோடு, ஏற்காடு மலைப்பாதையில் மண்சரிவையும் ஏற்படுத்தியது. புயல் என்பது கடலோர மாவட்டங்களின் கவலை என்று அயோத்தியாப்பட்டணம் உள்ளிட்ட சேலம் சமவெளியில் நிலவிவந்த எண்ணத்தை அந்த மழை கலைத்திருக்க வேண்டும். மின்சாரம் நீண்ட நேரம் நின்றுபோகும் நாள்களில் செல்பேசிக் கோபுரங்களின் பேட்டரியும் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடக்கூடும் என்பதால், கோபுரமும் இணையமும் இல்லாமல் இயங்கும் வானொலிப் பெட்டி ஒவ்வொரு வீட்டிலும் இருப்பது நல்லது. 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் நாடு முழுவதும் மின்சாரம் நின்றபோது, மக்கள் கடைகளில் தேடி வாங்கிய பொருள்களுள் பேட்டரி வானொலியும் ஒன்று.

பெட்டியைத் தேர்ந்தெடுக்கும் வேலை கடையில் அன்று, வீட்டிலேயே தொடங்க வேண்டும். எந்த நிலையம் தம் ஊர் வரை எட்டுகிறது என்பதை முதலில் அறிந்தவரே சரியான பெட்டியை வாங்க முடியும். அயோத்தியாப்பட்டணத்துக்குத் தென்கிழக்கே உள்ள திருச்சி வானொலி 936 கிலோஹெர்ட்ஸிலும், தென்மேற்கே உள்ள கோவை வானொலி 999 கிலோஹெர்ட்ஸிலும், தொலைவிலுள்ள சென்னை முதல் அலைவரிசை 720 கிலோஹெர்ட்ஸிலும் மத்திய அலையில் ஒலிபரப்பாகின்றன. மத்திய அலை என்பது பகலில் தரையை ஒட்டிப் படர்ந்தும், இரவில் வானின் உயரத்திலுள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பியும் நெடுந்தொலைவு செல்லும் அலை. பண்பலை அவ்வாறன்று, அது பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வதால் மலை குறுக்கிட்டால் மங்கிவிடும். வடக்கே தருமபுரியில் ஆகாசவாணியின் பண்பலை நிலையம் 102.5 மெகாஹெர்ட்ஸில் இயங்கினாலும், 1,500 மீட்டருக்கு மேல் உயர்ந்த சேர்வராயன் மலை இடையில் நிற்பதால், அடிவாரத்து ஊர்களில் அதை மட்டும் நம்புவது சரியாகாது. சேலத்துத் தனியார் பண்பலை நிலையங்கள் தெளிவாகக் கேட்கும். ஆயினும் அவை சொந்தமாகச் செய்தியறிக்கை தயாரிக்க அனுமதி இல்லை, வானிலை, போக்குவரத்து, நிருவாகத்தின் பேரிடர் அறிவிப்பு போன்றவற்றையே தரலாம். ஆகவே மத்திய அலை, பண்பலை இரண்டும் உள்ள பெட்டியே இவ்வட்டாரத்துக்குத் தேவை. பண்பலை மட்டும் பாடும் மலிவான புளூடூத் ஸ்பீக்கர் இக்கணக்கில் சேராது.

அடுத்துப் பார்க்க வேண்டியது நிலையம் மாற்றும் முறை. இந்தியாவில் மத்திய அலை நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்துள்ளன. அமெரிக்காவிலோ அந்த இடைவெளி 10. அமெரிக்கச் சந்தைக்காகச் செய்யப்பட்ட டிஜிட்டல் பெட்டியில் இதை மாற்றும் வசதி இல்லையென்றால் எண் 930-இலிருந்து நேரே 940-க்குத் தாவிவிடும். எவ்வளவு அழுத்தினாலும் 936-இல் நிற்காது. முள் நகரும் பழைய வகைப் பெட்டிக்கு இந்தச் சிக்கலே இல்லை. இணையக் கடைகள் அவசரகால வானொலி என்று விற்கும் சில பெட்டிகளில் பெரிதாக விளம்பரப்படுத்தப்படும் வானிலை அலைவரிசை என்பதும் அமெரிக்க அரசின் வானிலை ஒலிபரப்புக்கு உரியது. இந்தியாவில் அதில் இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்காது. அதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண்.

மின்னூட்டம் குறித்து விற்பனையாளர் சொல்வதற்கும் பயன்பாட்டுக்கும் இடைவெளி அதிகம். நடுத்தர ஒலியளவில் சுமார் 50 மில்லியாம்பியர் மின்னோட்டம் எடுக்கும் சிறு பெட்டி, 2,000 மில்லியாம்பியர்-மணி கொள்ளளவுள்ள இரண்டு அல்கலைன் பென்சில் செல்களில் ஏறத்தாழ 40 மணி நேரம் பாடும். நாளைக்கு நான்கு மணி நேரம் கேட்டால் பத்து நாள் வரும். கட்டை பேட்டரி போடும் பெரிய பெட்டி இதைவிட நெடுநாள் தாங்கும். பழைய நோக்கியா செல்பேசிகளில் இருந்த பிஎல்-5சி வகை பேட்டரியோடு வரும் பெட்டிகள் மலிவானவை என்றாலும், சார்ஜ் தீர்ந்த பிறகு மின்சாரம் வரும்வரை அவற்றால் பயனில்லை. பெட்டிக்கடையிலும் கிடைக்கும் செல்லைப் போட்டால் உடனே பாடும் பெட்டிதான் மழைநாளுக்கு உதவும். கையால் சுற்றி இயக்கும் வானொலியை ஆங்கிலேயரான டிரெவர் பெய்லிஸ் 1991-இல் உருவாக்கியது, மின்சாரமும் செல்லும் எட்டாத ஆப்பிரிக்கச் சிற்றூர்களை மனத்தில் கொண்டே. இன்று விற்கும் மலிவுப் பெட்டிகளில் ஒரு நிமிடம் சுற்றினால் சில நிமிடங்களே கேட்கலாம் என்பதாலும், தலையில் உள்ள சிறு சூரியத்தகடு மேகமூட்டமான நாளில் ஏறக்குறைய ஒன்றும் தராது என்பதாலும், இவ்விரண்டையும் துணை வசதியாக மட்டுமே கொள்ள வேண்டும்.

கடையில் சோதிக்கும்போது, விளக்குகளும் சார்ஜர்களும் எழுப்பும் மின்காந்த இரைச்சலால் மத்திய அலை கரகரக்கும் என்பதால், பெட்டியை வாசலுக்குக் கொண்டுவந்தே கேட்க வேண்டும். அதனுள்ளே படுக்கைவாட்டில் இருக்கும் ஃபெரைட் தண்டுதான் மத்திய அலைக்கு ஏரியல். மேலே இழுத்து நீட்டும் கம்பி பண்பலைக்கு உரியது. தண்டின் பக்கவாட்டு நிலையத்தை நோக்கியிருந்தால் ஒலி வலுக்கும், அதன் முனை நோக்கியிருந்தால் ஒலி தேயும். அயோத்தியாப்பட்டணத்திலிருந்து திருச்சியும் கோவையும் ஏறத்தாழச் செங்கோணத்தில் அமைந்திருப்பதால், திருச்சிக்காக வைத்த பெட்டியைக் கால் வட்டம் திருப்பினால் கோவை துலங்கும். அப்படித் திருப்பியும் ஒலியில் மாற்றமே தெரியாத பெட்டியை வாங்காமல் விடுவதே மேல். தெரு முழுதும் மின்சாரம் போன பிறகு இரைச்சல் அடங்கி மத்திய அலை வழக்கத்தைவிடத் தெளிவாகக் கேட்பதும் உண்டு; வீட்டிலுள்ள இன்வெர்ட்டரே அப்போது கரகரத்தால் அதிலிருந்து சில அடி தள்ளிப் பெட்டியை வைக்கலாம்.

செல்பேசியிலேயே பண்பலை இருந்தால் போதாதா என்று கேட்கலாம். அவ்வசதியை முடக்காமல் தருமாறு 2023-இல் மத்திய அரசு செல்பேசி நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. ஆனாலும் அதில் மத்திய அலை கிடையாது, கம்பியுள்ள ஹெட்போன்தான் அதற்கு ஏரியலாக வேண்டும், போதாததற்குப் பேரிடர் உதவி எண்ணான 1077-ஐ அழைக்க வேண்டிய பேட்டரியையும் அது தின்றுவிடும்.

வாங்கிய பெட்டியில் செல்லைப் போட்டபடியே வைத்துவிட்டால், குறிப்பாகச் சாதாரணத் துத்தநாக-கார்பன் செல்லானால், நீர் கசிந்து உள்ளிருக்கும் ஸ்பிரிங்கை அரித்துவிடும். ஆகவே செல்லைக் கழற்றி உறையோடு பெட்டியின் பக்கத்திலேயே வைக்க வேண்டும். மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாளில் செல்லைப் போட்டு இயக்கிப் பார்த்து, தெளிவாகக் கேட்ட நிலையங்களின் எண்களையும் அவற்றின் செய்தி நேரங்களையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் முதுகில் ஒட்டிவிட்டால், வீட்டில் முதியவர் மட்டும் இருக்கும் நேரத்திலும் முள்ளைத் தேடி அலைய வேண்டியிராது.